குவாத்தமாலாவுக்குப் போக ஒரு ஜிப் போதும்

குவாத்தமாலா என்கிற நாட்டைப் பற்றி இந்த உலகத்தில் அதிகம் பேசிய மனிதர் யார் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். ஜெர்மனியில், எர்லாங்கன் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஜிப் மாற்றிக்கொண்டிருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அந்த நாட்டு ஜனாதிபதிகூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார். ஜனாதிபதிக்கு நடுவில் வேறு வேலை வந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் அண்ணனை அண்ணை என்பார்கள். எங்கள் அண்ணைக்கும் வேலை இல்லாமல் இல்லை. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவில் ஒரு தையல் கடை. கால்சட்டைக்கு நீளம் குறைப்பார், கோட்டுக்கு உள்துணி மாற்றுவார். ஆனால் பெயர் எடுத்தது ஜிப்பில்தான். எர்லாங்கன், படிக்கிறவர்களும் சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்களும் நிறைந்த ஊர். முதுகில் பை இல்லாத ஆளை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். பை என்று இருந்தால் ஜிப் இருக்கும். ஜிப் என்று இருந்தால் ஒருநாள் பல்லை இளிக்கும். இளித்த அன்றைக்கு நாம் அண்ணையிடம் மாட்டிக்கொள்வோம்.

"பை எங்கை போகுது?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. ஆள் எங்கே போகிறார் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ஸ்பெயின் கடற்கரைக்கு என்று ஒரு ஜெர்மன்காரர் சொல்வார். நல்லது, நல்லது என்று ஜெர்மன் மொழியில் தலையாட்டிவிட்டு, ஆனால் குவாத்தமாலாவில் என்ன விஷயம் என்றால் என்று அண்ணை ஆரம்பித்துவிடுவார். ரயிலில் இருபது நிமிஷ தூரத்தில் இருக்கும் நியூரென்பெர்குக்கு, மாமியார் வீட்டுக்குப் போகிற ஒருவரிடம், எரிமலை ஏறும்போது கைத்தடியை எந்தப் பக்கம் ஊன்ற வேண்டும் என்று அவர் விளக்கியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தனக்கு ஒரு டெர்மின் இருக்கிறது என்றார். ஜெர்மனியில் எல்லோருக்கும் எந்நேரமும் ஒரு டெர்மின் இருக்கும், அதாவது நேரம் குறித்துவைத்த சந்திப்பு. அதற்கு மரியாதை கொடுக்காத ஒரே ஜெர்மன் குடிமகன் எங்கள் அண்ணைதான்.

கடைப் பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. ஊரில் தமிழ் தெரிந்த அத்தனை பேருக்கும் அவர் குவாத்தமாலா அண்ணை. அவர் அந்த நாட்டைக் கால்நடையாகவே சுற்றி முடித்தவர் என்று ஒரு கட்சி. அந்தப் பக்கமே போகாதவர், எப்போதோ டிவியில் பார்த்ததை அடித்துவிடுகிறார் என்று இன்னொரு கட்சி. எங்கள் தமிழ்நாட்டு இன்ஜினியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதற்காக இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். நான் இரண்டாவது கட்சி. திருச்சியிலிருந்து வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. எதையும் நம்பாமல் இருந்தால் புத்திசாலி என்று பெயர் கிடைக்கும் என நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அந்த வருஷம் ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. போன வருஷத்து லீவு மூன்று வாரம் பாக்கி இருக்கிறது, மார்ச்சுக்குள் எடுக்காவிட்டால் போய்விடும் என்று எச்சரித்திருந்தார்கள். நம் ஊரில் லீவு கேட்டால் முறைப்பார்கள். இங்கே எடுக்காவிட்டால் முறைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் ஆஸ்திரியாவுக்குப் போய் ஒரு மலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பையை எடுத்தேன். ஜிப் பல்லை இளித்தது.

"பை எங்கை போகுது, பிள்ளை?"

"ஆஸ்திரியா அண்ணா. ஜஸ்ட் ஒரு வாரம். அர்ஜென்ட்."

"நல்ல இடம்" என்றார், இரக்கப்பட்டு. பிறகு பையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, எங்கே தங்கினாலும் சப்பாத்தைக் காலில் கட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும் என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சப்பாத்தியை எதற்குக் காலில் கட்ட வேண்டும்? எலி வராதா? கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். சப்பாத்து என்றால் யாழ்ப்பாணத் தமிழில் ஷூ என்பது எனக்குத் தெரிய ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷமும் அவர் என்னைப் பரிதாபமாகவும் நான் அவரைப் பயத்தோடும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஜிப்பை மாற்ற அவர் மூன்று தடவை என்னை வரவழைத்தார். தடவைக்கு ஒரு மணி நேரம் பயணக் குறிப்புகள். வழி கேட்டால் ஒருவரை நம்பக் கூடாது. மூன்று பேரைக் கேட்டு, இரண்டு பேர் கை காட்டுகிற பக்கம் நடக்க வேண்டும். பைக்குள் எப்போதும் பழைய செய்தித்தாள் கொஞ்சம் அடைத்து வைக்க வேண்டும். போலீஸ்காரர் வந்தால் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார வேண்டும், ஆனால் பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. யாராவது ஏதாவது கேட்டால் "ஓம்" என்று மட்டும் சொல்லவே கூடாது. யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள். குவாத்தமாலாவில் ஒரு ஏரிக்கரையில் யோகா பழக வந்த ஒரு வெள்ளைக்காரர் இவரிடம், இங்கேயா தங்கியிருக்கிறாய் என்று கேட்க, இவர் "ஓம்" என்றிருக்கிறார். அந்த ஆள் கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தாராம்.

எனக்குப் பிடித்த குறிப்பு பஸ்ஸைப் பற்றியது. அங்கே அமெரிக்காவின் பழைய பள்ளிக்கூட பஸ்களுக்கு வண்ணம் அடித்து ஓட்டுவார்கள்.

"கோழி கொண்டுபோற மனிசிக்குப் பக்கத்திலை இருங்கோ" என்றார். "கோழி வைச்சிருக்கிறவை வீட்டை போறவை. அவை உங்களைப் பிழையான இடத்திலை இறங்க விடமாட்டினம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஆஸ்திரியாவில் பஸ்ஸில் கோழி ஏற்றுவார்களா என்று தேடிப் பார்த்தேன். ஏற்றுவதில்லை. அரை மணி நேரம் கழித்து என் கையில் குவாத்தமாலாவுக்கு டிக்கெட் இருந்தது. என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

டிக்கெட்டைக் காட்டினேன். அண்ணை பேச்சை நிறுத்திவிட்டார். தையல் மெஷினையும் நிறுத்தினார். எழுந்து போய்க் கடைக் கதவில் "மூடியிருக்கிறது" அட்டையைத் திருப்பி மாட்டினார். பகல் பதினோரு மணிக்கு ஜெர்மனியில் கடையை மூடுவது சாதாரண விஷயமில்லை. உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, அக்கா, பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

பிறகுதான் சொன்னார். இளவயதில் ஊரில் சண்டை நடந்த காலத்தில், கனடாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஒரு ஏஜென்சிக்காரன் இவரையும் இன்னும் ஏழு பேரையும் விமானம் ஏற்றியிருக்கிறான். இறக்கிவிட்ட இடம் குவாத்தமாலாவில் அதித்லான் ஏரிக்கரையில் ஒரு ஊர். வெளிநாட்டுப் பயணிகள் நிறைய வருகிற இடமென்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. ஆளுக்கொரு முதுகுப்பை வாங்கிக் கொடுத்தான். உள்ளே வைக்க இவர்களிடம் எதுவும் இல்லை. பை புடைப்பாகத் தெரிய வேண்டுமே என்று பழைய செய்தித்தாளை அடைத்துக் கொடுத்தான்.

"எனக்கு வந்த பைக்கு ஜிப் வேலை செய்யேல்லை, பிள்ளை. நடக்க நடக்கத் திறந்து பேப்பர் எல்லாம் வெளியிலை வரும். போலீஸ் கண்டால் முடிஞ்சுது."

பஸ் நிற்கும் இடத்தில் சோள ரொட்டி சுட்டு விற்ற ஒரு பெண்மணி அதைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல் பையை வாங்கி, ஊசி நூலால் இறுக்கித் தைத்துக் கொடுத்தார். பிறகு இரண்டு ரொட்டியும் கொடுத்தார். பெயர் லூசியா. எல்லோரும் டோன்யா லூசியா என்பார்கள். டோன்யா என்றால் நம் அக்கா மாதிரி ஒரு மரியாதை. ஏஜென்சிக்காரன் ஓடிப்போனான், மற்றவர்கள் ஒவ்வொருவராக எங்கெங்கோ கிளம்பினார்கள், இவருக்குக் காய்ச்சல் வந்து தனியாகக் கிடந்தார். ஒன்பது மாதம் அந்தப் பெண்மணிதான் சோறு போட்டது. ஒருநாள் காலையில் வேறொரு ஏஜென்சிக்காரனின் வண்டி வந்து, ஏறு என்றது. பத்து நிமிஷம். சொல்லிக்கொள்ள நேரமில்லை.

"அண்டைக்கும் எனக்கெண்டு சுட்டு வைச்சிருப்பா" என்றார். "நான் ஒரு சொல்லும் சொல்லாமல் வந்திட்டன்."

அந்த வண்டியும் கனடா என்று சொல்லித்தான் ஏற்றியதாம். விமானம் மாறி இறங்கிய இடம் பிராங்க்ஃபர்ட். குளிராக இருந்ததால் முதல் இரண்டு நாள் அதைக் கனடா என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். இதைச் சொல்லும்போது அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இப்போது பாஸ்போர்ட் இருக்கிறதே, நீங்களே போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் ஊசியில் நூலைக் கோக்க ஆரம்பித்தார். அக்காதான் சொன்னார்.

"விமான நிலையத்திலை பாஸ்போட் பாக்கிற வரிசையைக் கண்டால் இவருக்குக் கை நடுங்கும். பிராங்க்ஃபேர்ட்டிலை இறங்கினவர் பிறகு ஏறவே இல்லை. அதுதான் பையோடை வாற சனத்துக்கு எல்லாம் சொல்லிச் சொல்லி அனுப்பிறார். ஒராளாவது அந்தப் பக்கம் போகாதோ எண்டு."

ஸ்பெயின் கடற்கரைக்குப் போனவரிடமும் மாமியார் வீட்டுக்குப் போனவரிடமும் அவர் வாய் ஓயாமல் பேசியதற்கு அதுதான் காரணம். அந்தப் பின்தெருக் கடையில் இருந்துகொண்டு, முப்பது வருஷத்துக்கும் மேலாக, நன்றி சொல்ல ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்களோ வாட்ஸ்அப்பில் கட்சி கட்டிக்கொண்டிருந்தோம்.

கிளம்புவதற்கு முதல் நாள் என் பையைப் பிரித்துச் சோதனை போட்டார். உள்ளே பார்த்துவிட்டு, "உடுப்பு ரெண்டு காணும்" என்றார். எங்கள் திருச்சிப் பக்கம் பேனா தொலைந்தால் பேனாவைக் காணும் என்போம். பையைக் கவிழ்த்துத் துணிகளை எண்ணினேன். ஏழும் இருந்தன. மறுபடி எண்ணினேன். எண்ணி முடிக்கிற வரைக்கும் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். வயதாகிவிட்டது, கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது.

பிறகு ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். நீலத் துணியில் ஒரு சமையல் ஏப்ரன். முன்னால் பெரிய பை, அதற்குப் பித்தளை ஜிப். அவர் கடையில் இருந்ததிலேயே விலை கூடிய ஜிப் அது.

"டோன்யா லூசியாட்டை இதைக் குடுங்கோ. குடுத்துட்டுக் காணும் எண்டு சொல்லுங்கோ. அவவுக்கு விளங்கும்."

காணும். அதாவது காணோம். அன்றைக்குச் சொல்லாமல் காணாமல் போனாரே, அதை ஒரே வார்த்தையில் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார் என்று நானாக ஒரு பொழிப்புரை எழுதிக்கொண்டேன். என்ன ஆழமான மனிதர் என்று வியந்தும்கொண்டேன்.

குவாத்தமாலாவில் அவர் குறிப்புகள் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. பஸ்ஸில் கோழிக்கூடை வைத்திருந்த பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் தூங்கி வழிந்தபோது என் பையை அவர் மடியில் வைத்துக்கொண்டார், இறங்க வேண்டிய இடத்தில் தோளைத் தட்டி எழுப்பினார். மூன்று பேரிடம் வழி கேட்டேன், இரண்டு பேர் காட்டிய பக்கம் நடந்தேன். கடை பில்லின் பின்பக்கம் அண்ணை வரைந்து கொடுத்திருந்த வழிப்படத்தின் மஞ்சள் சுவர் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. அதன் கீழே, தீயின் மேல் வட்டக்கல்லை வைத்து, மாவை இரண்டு கையாலும் தட்டி ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார் ஒரு மூதாட்டி. டோன்யா லூசியாதான். பக்கத்தில் மகள் ரோசா. பள்ளிக்கூட ஆசிரியை, இங்கிலீஷ் தெரிந்தவர்.

முன்னொரு காலத்தில் இங்கே இருந்த ஒல்லிப் பையன், பை நிறைய செய்தித்தாள், அறுந்த ஜிப் என்று ரோசாவிடம் சொன்னேன். ரோசா ஸ்பானிஷில் சொல்லி முடிப்பதற்குள் டோன்யா லூசியா மாவுக் கையோடு எழுந்துவிட்டார். என்னைப் பார்த்து, "கானூம்?" என்றார்.

நான் அசந்துபோனேன். அண்ணை சொன்னது சரிதான், இந்த அம்மாவுக்குத் தமிழ் விளங்குகிறது. ஆமாம், காணும் என்று தலையாட்டினேன். ஏப்ரனைக் கையில் கொடுத்துவிட்டு, ரோசாவுக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில் தெளிவாக மொழிபெயர்த்தேன்: அவரைக் காணவில்லை.

ரோசாவின் முகம் மாறியது. உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்த அந்த நாட்டில் காணாமல் போனவர் என்பது சின்ன வார்த்தை இல்லை. அண்ணையின் நாட்டிலும் இல்லை. எனக்குத்தான் அது உறைக்கவில்லை. ரோசா மெதுவாகச் சொன்னார். டோன்யா லூசியா ஏப்ரனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடைப் பெண்கள் வந்தார்கள். அடுப்பை அணைத்தார்கள். ஒருவர் எனக்கு நாற்காலி போட்டார், இன்னொருவர் மெழுகுவர்த்தி ஏற்றினார். எவ்வளவு பாசமான மக்கள் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைக்கப் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கழுத்தில் இஞ்சு டேப்போடு அண்ணை சிரிக்கிற படத்தை போனில் எடுத்து வைத்தேன். நாலு பெண்கள் அதற்கு முன்னால் சிலுவைக்குறி போட்டார்கள்.

ரோசா என் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நாளாகக் காணவில்லை என்று கேட்டார். நேற்று பேசினேனே, நன்றாகத்தான் இருந்தார் என்றேன். கடைசியாகப் பார்த்தது யார் என்றார். நான்தான் என்றேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பாசம் கொஞ்சம் குறைந்திருந்தது.

என்னவோ சரியில்லை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அங்கே காலை, எர்லாங்கனில் சாயங்காலம். அண்ணைக்கு வீடியோ கால் போட்டேன். வாயில் நாலு குண்டூசியோடு திரையில் வந்தார். மெழுகுவர்த்தி ஏற்றிய பெண் ஓரடி பின்னால் போனார்.

டோன்யா லூசியா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திரையெல்லாம் மாவு. அண்ணை குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். இந்த நாளுக்காக அவர் ஒரு ஸ்பானிஷ் வாக்கியத்தைப் பல வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாராம், அக்கா பிறகு சொன்னார். வாயில் வந்தது "டாங்கே ஷோன்." சுத்தமான ஜெர்மன் நன்றி.

டோன்யா லூசியாவுக்கு அது விளங்கவில்லை. அவர் செய்தது ஒன்றுதான். தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துத் திரைக்கு நேரே நீட்டினார். அண்ணை, முப்பது வருஷத்துக்கு முந்திய பழக்கம் போகாமல், இரண்டு கையையும் விரித்துத் தடுத்து, "காணும், காணும்" என்றார்.

"கானூம்" என்று டோன்யா லூசியா சிரித்துக்கொண்டே பக்கத்துப் பெண்களுக்குக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள். ரோசாதான் எனக்கு விளக்கினார். அந்தப் பையனுக்கு ரொட்டி கொடுக்கும் போதெல்லாம் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் கானூம் என்பானாம். பாவம், தன் பெயரைச் சொல்கிறான், மரியாதை தெரிந்த பையன் என்று அம்மா இன்னொரு ரொட்டி வைப்பாராம். ஒன்பது மாதமும் அந்த ஊரில் அவர் பெயர் கானூம்.

"என்ன பிள்ளை நடந்தது, ஏன் எல்லாரும் அழுகினம்?" என்றார் அண்ணை.

"நீங்கதானே அண்ணா காணும்னு சொல்லச் சொன்னீங்க. மிஸ்ஸிங்னு சொல்லிட்டேன்."

"காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம், பிள்ளை" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே ஏழு உடுப்பும் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு போதும் என்றிருக்கிறார்.

டோன்யா லூசியா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபமாக ஏதோ ஆரம்பித்திருந்தார். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் ரொட்டியை ஆறாமல் துணியில் பொதிந்து வைத்திருந்தேன், எங்கே போய்த் தொலைந்தாய், சாப்பிடாமலா வண்டி ஏறினாய் என்று திட்டுகிறார் என்றார் ரோசா. நான் அதை அண்ணையிடம் சொன்னேன்.

"பேசட்டும், பிள்ளை" என்றார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது. இது மட்டும் எனக்குச் சரியாகப் புரிந்தது. "நல்லாப் பேசட்டும்."

கன்னத்தில் கண்ணீர் வடிய, தலையைக் குனிந்து, அந்தத் திட்டு முழுவதையும் அவர் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் அக்கா அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஒருவரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான் டோன்யா லூசியா மறுபடி அடுப்பு மூட்டினார். எனக்கு ரொட்டி வைத்தார்கள். காணும் என்று சொல்லிப் பார்த்தேன். இன்னொன்று வந்தது.

அண்ணை இன்னும் விமானம் ஏறவில்லை. ஆனால் அக்காவோடு நியூரென்பெர்க் விமான நிலையம் வரைக்கும் போய், ஒரு காபி குடித்துவிட்டு, பாஸ்போர்ட் வரிசையைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றார்களாம். கடைக்கு வருகிறவர்களிடம் அவர் இப்போது குவாத்தமாலாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சொன்ன நேரத்தில் ஜிப் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். பழைய வாடிக்கையாளர்கள் வருத்தப்படுகிறார்கள்.

நான் வேலை மாறி டார்ம்ஸ்டாட் வந்துவிட்டேன். ஒரு மனிதர் தன்னுடைய நன்றியை என் கையில் நம்பிக் கொடுத்தார், நான் அதைத் தப்புத் தப்பாக மொழிபெயர்த்தும் அது போய்ச் சேர்ந்தது. என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியங்களை எழுதச் சொன்னால் அதைத்தான் முதலில் எழுதுவேன். அதற்கு நான்தான் அண்ணைக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரே சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இங்கே என் வீட்டு வாசலை ஒட்டியே ஒரு தையல் கடை இருக்கிறது. ஆனாலும் பையின் ஜிப் போனால் எர்லாங்கனுக்குத்தான் ரயில் ஏறுகிறேன். போன மாதம் போனது தானாகப் போகவில்லை, நான்தான் இழுத்து அறுத்தேன்.